இன்னொரு கிளியை வீட்டுக்குள் விடுவதற்கு முன்

"நாங்க வீடு மாத்துறோம், இந்தக் காக்டெயில நீங்க வச்சுக்கிறீங்களா? கூண்டும் சேர்த்தே தந்துடுறோம்." காக்டெயில் என்பது கொண்டை வைத்த ஒரு சின்னக் கிளி. வீட்டில் நான்கைந்து பறவைகள் வைத்திருப்பவர்களுக்கு இப்படி ஓர் அழைப்பு எப்போதாவது வந்தே தீரும். நாலோடு அஞ்சு, என்ன ஆகிவிடப்போகிறது என்றுதான் முதலில் தோன்றும். அந்த எண்ணிக்கைதான் நம்மை ஏமாற்றுகிறது. ஒன்றாக வெளியே விட முடியாத கூட்டங்கள் வீட்டில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணுங்கள். அந்த எண் கூடுமா என்று பாருங்கள்.

புதிய கிளி பழைய பறவைகளோடு கடைசிவரை சேராது என்று வைத்துக்கொண்டே கணக்குப் போட வேண்டும். அப்படியிருந்தும் அதற்குத் தனிக்கூண்டு, தனி நேரம், மருத்துவச் செலவு எல்லாம் கொடுக்க முடியுமென்றால் எடுக்கலாம். "கொஞ்ச நாள்ல சேர்ந்துடும்" என்ற நம்பிக்கையை எடுத்துவிட்டால் கணக்கு உதைக்கிறதா, எடுக்கக் கூடாது. சேர்ந்துவிட்டால் சந்தோஷம், அவ்வளவுதான்.

வருவது எந்தக் கிளி?

பெயரில் ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது. நம் ஊரில் "லவ் பேர்ட்ஸ்" என்றால் பெரும்பாலும் பட்ஜீஸ் என்ற சின்னக் கிளியைத்தான் சொல்கிறார்கள். உண்மையான லவ் பேர்டுக்கு "ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ்" என்று பெயர். "ரெண்டு லவ் பேர்ட்ஸ் இருக்கு, உங்க லவ் பேர்ட்ஸோட விட்டுடுங்க" என்று யாராவது கொண்டுவந்து கொடுத்து, ஆப்பிரிக்கன் லவ் பேர்டை பட்ஜீஸ் கூண்டுக்குள் விட்டால், காலையில் விரல் போன பட்ஜீஸைத்தான் பார்ப்பீர்கள். ஆப்பிரிக்கன் லவ் பேர்ட் 45 முதல் 60 கிராம், பட்ஜீஸ் 30 முதல் 40 கிராம். எடையில் பெரிய வித்தியாசம் தெரியாது, அலகில்தான் வித்தியாசம். பக்கத்துக் கூண்டின் கம்பியைப் பிடித்து உட்கார்ந்திருக்கும் பறவையின் விரலைக்கூட வெளியிலிருந்தே கடித்துத் துண்டாக்கிவிடும். ஆகவே பெயரை வைத்து முடிவெடுக்காதீர்கள். பறவையின் முழு உருவமும் அலகும் தெரிகிற மாதிரி படம் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது சட்டம். பச்சைக்கிளி என்று நாம் சொல்லும் செந்தார்ப் பைங்கிளி, பெரிய பச்சைக்கிளி, செந்தலைக் கிளி போன்ற இந்தியக் கிளிகளை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இவை அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கின்றன. "பத்து வருஷமா வளர்த்தது, பாவம்" என்று யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள், வனத்துறையிடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள். வெளிநாட்டு இனங்களில் சன் கோனூர், ஆப்பிரிக்கன் கிரே, மக்காவ், பிஷர் லவ் பேர்ட் போன்றவை சைட்டிஸ் (அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் வருவதால், 2024 பிப்ரவரி 28இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கைக்கு வந்த 30 நாட்களுக்குள் உங்கள் பெயரில் பதிய வேண்டும் என்பதால், கொடுப்பவரிடம் அவருடைய பதிவுச் சான்றை முதலிலேயே கேளுங்கள். பட்ஜீஸ், காக்டெயில், பீச் ஃபேஸ் லவ் பேர்ட் மூன்றும் சைட்டிஸ் பட்டியலில் இல்லை.

ஆயுளையும் இந்த இடத்திலேயே யோசித்துவிடுவது நல்லது. காக்டெயில் 15 முதல் 20 வருடம், சன் கோனூர் 20 முதல் 30, ஆப்பிரிக்கன் கிரே 40க்கு மேல். ஐம்பது வயதில் ஒரு கிரே குஞ்சை எடுப்பவர், தனக்குப் பிறகு அதை யார் பார்த்துக்கொள்வார் என்று பெயரோடு சொல்லத் தெரிய வேண்டும்.

ஃபேன் கணக்கு

கையில் பேப்பர் பேனா எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஜோடி பட்ஜீஸ், ஒரு ஜோடி காக்டெயில், ஒரு ஜோடி ஆப்பிரிக்கன் லவ் பேர்ட் இருக்கிற வீடு என்று வைப்போம். பட்ஜீஸும் காக்டெயிலும் நம் கண் பார்வையில் ஒன்றாகப் பறக்கலாம். லவ் பேர்டைத் தனியாகத்தான் விட வேண்டும். அப்போது கூட்டம் இரண்டு. ஒரு கூட்டத்துக்குத் தினம் ஒன்றரை மணி நேரம் என்றால் மூன்று மணி நேரம். இப்போது ஒரு சன் கோனூர் வருகிறது. அது யாரோடும் சேர முடியாது. கூட்டம் மூன்று, நேரம் நாலரை மணி.

அந்த நாலரை மணி நேரமும் சீலிங் ஃபேன் நிற்க வேண்டும். ஜன்னல், பால்கனிக் கதவு மூடியிருக்க வேண்டும், அடுப்பில் எண்ணெய் கொதிக்கக் கூடாது, வீட்டில் யாராவது அந்த அறையிலேயே இருக்க வேண்டும். மே மாதத்துச் சென்னையில் ஹாலில் ஃபேன் இல்லாமல் நாலரை மணி நேரத்துக்கு வயதான அம்மாவும் குழந்தைகளும் ஒத்துக்கொள்வார்களா? ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றால் நடக்கப்போவது இதுதான்: முதல் மாதம் கோனூர் வெளியே வரும், மூன்றாம் மாதம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரும், ஆறாம் மாதம் கூண்டிலேயே கத்திக்கொண்டிருக்கும். அப்போது அதற்கும் வேறு வீடு தேட வேண்டியிருக்கும். கைமாறி வருகிற கிளிகள் பலவும் இப்படித்தான் கைமாறுகின்றன.

கூண்டைச் சுத்தம் செய்வதையும் சேருங்கள். பேப்பர் மாற்ற, தண்ணீர்க் கிண்ணம் கழுவ, கீரை வைத்து மிச்சத்தை எடுக்க, ஒரு கூண்டுக்கு நாளொன்றுக்குக் கால் மணி நேரம் போகும். தூக்கம் பத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரம் இருட்டில் வேண்டும். ஹாலில் இரவு பத்தரை வரை சீரியல் ஓடுகிற வீட்டில் புதுக்கூண்டை எங்கே வைக்கப்போகிறீர்கள் என்பதற்கு இப்போதே பதில் வேண்டும். சாம்பிராணி, கொசுவர்த்திச் சுருள், நான்ஸ்டிக் பாத்திரம் இவற்றை ஏற்கெனவே நிறுத்தியிருப்பீர்கள். காலி நான்ஸ்டிக் வாணலி அடுப்பில் சூடேறினால் வருகிற புகை சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும், பக்கத்து அறையில் இருந்தாலும் சரி. இன்னும் நிறுத்தவில்லை என்றால், புதுக்கிளி பற்றிய பேச்சையே தள்ளிவையுங்கள்.

இடம் என்று பார்த்தால், ஒரு காக்டெயிலுக்குக் குறைந்தது 24 அங்குல அகலமும் 18 அங்குல ஆழமும் 24 அங்குல உயரமும். கோனூருக்கு மூன்று பக்கமும் 24 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. கம்பிகளின் இடைவெளி பட்ஜீஸ், காக்டெயில், லவ் பேர்டுக்கு அரை அங்குலம், கோனூருக்கு முக்கால் அங்குலத்துக்கு உள்ளே. வலைக்கம்பியில் ஆள் வைத்துச் செய்த கூண்டானால் அதன் துத்தநாகப் பூச்சைக் கடித்து விஷமேறும். வினிகர் ஊற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிக் காயவைத்துத்தான் பயன்படுத்த வேண்டும்.

யாருக்காக எடுக்கிறீர்கள்?

"இருக்கிற கிளி தனியா கத்துது, துணை வேணும்" என்பதற்காக எடுப்பதுதான் அதிகம். கத்துவதற்குக் காரணம் சலிப்போ, தூக்கக் குறைவோ, அது கத்தும்போதெல்லாம் நாம் ஓடிப்போய்ப் பழக்கிவிட்டதோ என்றால், துணை வந்த பிறகு இரண்டு கிளிகள் கத்தும். புதியதும் பழையதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். இறகு பிடுங்குகிற கிளிக்குத் துணை வாங்குவது அதைவிட மோசம். இறகு பிடுங்குவதற்குப் பல நேரம் உடம்புக் கோளாறுதான் காரணம், முதலில் மருத்துவர் பார்க்க வேண்டும்.

ஜோடியை இழந்த பட்ஜீஸ், காக்டெயிலுக்குத் துணை தேடுவதில் நியாயம் இருக்கிறது. இவை கூட்டமாக வாழும் பறவைகள். ஆனால் ஜோடி செத்தது எதனால் என்று தெரியாமல் புதியதைக் கொண்டுவராதீர்கள். தொற்றுநோயாக இருந்தால் இன்னொன்றைப் பலி கொடுத்ததாகும்.

கையில் வந்து உட்காரும், தலையைச் சொறியச் சொல்லிக் குனியும் பறவை, தன் இனத் துணை கிடைத்ததும் உங்களை விட்டு விலகிப்போகலாம். அதை ஏற்றுக்கொள்ளும் மனம் இருக்கிறதா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பறவைக்கு அதில் நஷ்டம் எதுவும் இல்லை.

ஏற்கெனவே ஒரு ஜோடி ஒட்டிக்கொண்டு இருக்கும் வீட்டில் மூன்றாவதாக ஒன்றை விட்டால், அந்த ஒன்று எப்போதும் ஓரத்தில்தான். லவ் பேர்டில் அது ஓரத்தில் இருப்பதோடு நிற்காது, கொல்லப்படவும் கூடும். இரண்டு பெண் பட்ஜீஸ், இரண்டு பெண் லவ் பேர்ட் என்று சேர்க்கும்போதும் சண்டை கடுமையாக வரும். வளர்ந்த பட்ஜீஸில் மூக்குப் பகுதி நீலமாக இருந்தால் ஆண், பழுப்பாக இருந்தால் பெண். சாம்பல் நிறக் காக்டெயிலில் முதல் இறகுதிர்ப்புக்குப் பிறகு முகம் பளிச்சென்று மஞ்சளானது ஆண். லவ் பேர்ட், கோனூர், கிரே இவற்றில் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மார்பிலிருந்து வேரோடு எடுத்த நான்கைந்து சிறு இறகுகளை ஆய்வகத்துக்கு அனுப்பி டிஎன்ஏ சோதனை செய்துவிடுங்கள்.

கூண்டில் முட்டையிடுவதற்கான மண்பானை தொங்குகிறதா? குஞ்சு எடுக்கிற எண்ணம் இல்லையென்றால் புதிய பறவை வருவதற்கு ஒரு மாதம் முன்பே எடுத்துவிடுங்கள். முட்டையோ குஞ்சோ உள்ளே இருந்தால் மட்டும் அது முடியும்வரை காத்திருந்து, அதன் பிறகு எடுங்கள். பானை இருக்கும்வரை பெண் பறவை அதைக் காவல் காத்துக்கொண்டே இருக்கும், கிட்டே வருவது எதுவானாலும் பாயும். சண்டைக்காரப் பறவை என்று பெயர் வாங்கிய பலதும் பானையை எடுத்த சில வாரங்களில் அடங்கிவிடுகின்றன.

தூசி விஷயம் பலருக்குத் தெரியாது. காக்டெயில், காக்கட்டூ, ஆப்பிரிக்கன் கிரே மூன்றும் உடம்பிலிருந்து வெள்ளை மாவு போன்ற இறகுத்தூளை உதிர்க்கும். கறுப்பு மேசைமேல் ஒரு நாளில் படிவதைப் பார்த்தாலே தெரியும். நீலமும் மஞ்சளுமான மக்காவுக்கு இந்தத் தூள் நுரையீரலில் ஒவ்வாமையைக் கிளப்பி, மூச்சுத்திணறலில் கொண்டுவிடும். கிரே இருக்கிற அறையில் மக்காவை வைக்காதீர்கள். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால், தூள் உதிர்க்கும் இனம் இன்னொன்று வேண்டவே வேண்டாம்.

45 நாள் தனியறை

இதுதான் முடிவைத் தீர்மானிக்கிற இடம். புதிய பறவையை வேறு அறையில், மூடிய கதவுக்குப் பின்னால், குறைந்தது 30 நாள் வைக்க வேண்டும். 45 நாள் வைத்தால் மனம் நிம்மதியாக இருக்கும். ஹாலின் அடுத்த மூலை தனியறை ஆகாது, காற்று ஒன்றே. பால்கனியில் வைத்தால் காக்கையும் பூனையும் வெயிலும் இருக்கின்றன. இரண்டு அறை வீட்டில் ஒரு படுக்கையறையை ஒன்றரை மாதம் விட்டுக்கொடுக்க முடியுமா, அல்லது பறவை இல்லாத அக்கா வீட்டில் வைக்க முடியுமா? இரண்டுமே முடியாதென்றால் பதில் "வேண்டாம்" என்பதுதான். மற்ற எல்லாக் கணக்கும் சரியாக வந்தாலும் இந்த ஒன்றுக்காக மறுக்கலாம்.

இவ்வளவு கறார் எதற்கு? நன்றாகத் தெரிகிற கிளி நோயைச் சுமந்துகொண்டிருக்கலாம், இடம் மாறிய அதிர்ச்சியில்தான் அது வெளிவரும். இறகும் அலகும் சிதைகிற பிபிஎஃப்டி நோயின் வைரஸ், லவ் பேர்டிலும் பட்ஜீஸிலும் எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கலாம். எச்சத்திலும் இறகுத்தூளிலும் பரவி, கூண்டில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். "கூண்டும் தந்துடுறோம்" என்பது இதனால்தான் நல்ல பேச்சு இல்லை. மரக்கட்டை, கயிறு, ஊஞ்சல் எல்லாவற்றையும் எறிந்துவிட்டு, இரும்புக் கூண்டை மட்டும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, அந்தக் கிளிக்கே வைத்துக்கொள்ளுங்கள். பழைய பறவைகளுக்கு மாற்றாதீர்கள்.

கிளிக்காய்ச்சல் என்று சொல்லப்படும் சிட்டகோசிஸ் நமக்கும் தொற்றும். கர்ப்பிணி, கைக்குழந்தை, முதியவர், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர் வீட்டில் இருந்தால் சோதனை முடிவு வரும்வரை அவர்கள் அந்த அறைக்குள் போகக் கூடாது. பறவை வந்த சில வாரங்களில் யாருக்காவது காய்ச்சல், கடும் தலைவலி, வறட்டு இருமல் வந்தால், கிளி வளர்க்கிறோம் என்று மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். நாமாகச் சொல்லாவிட்டால் அவருக்குத் தோன்றாமல் போகலாம். பறவைக்கு டாக்ஸிசைக்ளின் சிகிச்சை வழக்கமாக 45 நாள் நீளும், நடுவில் நிறுத்தினால் நோய் திரும்பும்.

தினசரி வரிசை இப்படி: பழைய பறவைகளின் வேலையெல்லாம் முடித்த பிறகுதான் புதிய பறவையிடம் போக வேண்டும். அதற்கென ஒரு சட்டை, தனிக் கிண்ணம், தனித் துடைப்பம். வெளியே வந்ததும் முழங்கைவரை சோப்பு. சட்டையை மாற்றாமல் பழையவற்றின் பக்கம் போகக் கூடாது.

காலையில் முதல் எச்சம் போட்ட பிறகு, சாப்பாடு வைப்பதற்கு முன், ஒரு கிராம் துல்லியம் காட்டுகிற சமையல் தராசில் எடை பாருங்கள். தராசின்மேல் ஒரு சிறு கட்டையை ஒட்டி வைத்து, தினைக்கதிரைக் காட்டினால் தானே ஏறி உட்காரும். 90 கிராம் காக்டெயில் 81க்கு இறங்கினால் பத்து சதவீதம் போய்விட்டது என்று அர்த்தம். அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டும், நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. மார்பைத் தடவினால் நடு எலும்பு கத்தி முனைபோலத் துருத்தினால், உடம்பு ரொம்ப நாளாக இளைத்துக்கொண்டிருக்கிறது.

கூண்டின் அடியில் அச்சில்லாத வெள்ளைப் பேப்பர் போடுங்கள். நல்ல எச்சத்தில் மூன்றும் தனித்தனியாகத் தெரியும்: பச்சையாகச் சுருண்ட மலம், சுண்ணாம்பு போன்ற வெள்ளை, சுற்றிலும் தெளிந்த நீர். அந்த வெள்ளை மஞ்சளாகவோ இலைப்பச்சையாகவோ மாறினால் ஈரல் பாதிப்பு, கிளிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். தினை முழுசாகச் செரிக்காமல் வந்தால் வயிற்றுக் கோளாறு. அதற்கான காரணங்களில் போர்னா வைரஸும் ஒன்று, அது பல வருடம் ஒளிந்திருக்கக் கூடியது என்பதால் 45 நாளும் எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்று எண்ண வேண்டாம். மூச்சு விடும்போதெல்லாம் வால் ஏறி இறங்குவது, மூக்குத் துளைக்கு மேலுள்ள இறகு ஈரமாகக் கறைபட்டிருப்பது, பகலிலும் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்காருவது, எதைப் பார்த்தாலும் நாள் கடத்தாதீர்கள்.

முதல் வாரத்திலேயே ரத்தம், இறகு, எச்சம் கொடுத்து பிசிஆர் சோதனை செய்யச் சொல்லுங்கள். பிபிஎஃப்டி இருப்பதாக வந்து, பறவை நன்றாகவே இருந்தால், 90 நாள் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். சில பறவைகள் வைரஸை வென்றுவிடும். அந்த 90 நாளும் தனியறைதான். கிளியைப் பார்க்கத் தெரிந்த மருத்துவரை முன்கூட்டியே தேடிவையுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஊர்ப்பக்கம் கோழிக்கு வைத்தியம் பார்ப்பவரிடம் கிளியைக் கொண்டுபோகும் வழக்கம் உண்டு. கோழிக்கான மருந்தளவு கிளிக்குப் பொருந்தாது, கேட்டுத் தெளிவது நல்லது. சோதனைக்கும் ஓர் அவசர சிகிச்சைக்கும் ஆகும் பணத்தை மருத்துவமனையில் விசாரித்து, அந்தத் தொகையை ஒதுக்கிவைத்த பிறகுதான் சம்மதம் சொல்ல வேண்டும்.

கொடுப்பவரிடம் கேட்க வேண்டியவை

வயது என்ன, காலில் வளையம் இருக்கிறதா, இதுவரை எத்தனை வீடு மாறியது, என்ன சாப்பிடுகிறது. சூரியகாந்தி விதை மட்டும் என்றால் ஈரலில் கொழுப்பு, வைட்டமின் ஏ குறைபாடு இரண்டையும் எதிர்பாருங்கள். விதையை ஒரே நாளில் நிறுத்தாமல், சில வாரங்களில் தினை, சாமை, முருங்கைக்கீரை, துருவிய கேரட், வேகவைத்த சர்க்கரைவள்ளி என்று மாற்ற வேண்டியிருக்கும். வேறு பறவைகளோடு இருந்திருக்கிறதா, அவற்றில் ஏதாவது சமீபத்தில் செத்ததா? இந்தக் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். முடிந்தால் காலையில் ஒரு முறை, மாலை ஐந்து மணிக்கு மேல் ஒரு முறை போய்ப் பாருங்கள். கோனூரின் உண்மையான குரல் மாலையில்தான் தெரியும், சுவரை ஒட்டி இருக்கும் அண்டைவீட்டாரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சேர்த்துப் பார்க்கும் நாட்கள்

தனியறை முடிந்து, சோதனையும் சரியென்றால், கூண்டை ஹாலில் எட்டடி தள்ளி வையுங்கள். ஒரு வாரம் கழித்து மூன்றடிக்கு நகர்த்துங்கள், அதற்குமேல் நெருக்க வேண்டாம். எதிர்க் கூண்டைப் பார்த்து இறகை நீவுவதும், ஒரே நேரத்தில் சாப்பிடுவதும் நல்ல அடையாளம். இரு தரப்புக்கும் பழக்கமில்லாத மேசையில் இரண்டு கிண்ணத்தில் தினை வைத்துப் பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். பழையதன் கூண்டுக்குள் புதியதை விடுவது மட்டும் என்றைக்கும் கூடாது. அலகால் தட்டி விளையாடுவதைச் சண்டை என்று நினைத்துவிட வேண்டாம், அதில் இருவரும் மாறி மாறி விலகுவார்கள். உடம்பைத் தாழ்த்தி, இறகை ஒட்டவைத்து, அலகைத் திறந்தபடி காலைக் குறிவைத்து ஓடுவதுதான் சண்டை. அப்போது கையை நுழைக்காமல் நடுவில் ஒரு தலையணையை இறக்குங்கள். கிரேயும் பட்ஜீஸும் போல அளவில் பெரிய வித்தியாசம் உள்ள பறவைகளை இந்த மேசைக்கே கொண்டுவர வேண்டாம். ஒரு கடி போதும்.

மூன்று மாதம் ஆகியும் மேசையில் பத்து நிமிடம் அமைதியாக இருக்கவில்லை என்றால் முயற்சியை விட்டுவிடுங்கள். தனிக்கூண்டு, தனி நேரம் என்ற முதல் நாள் கணக்குப்படியே இரண்டும் வாழ்ந்துவிட்டுப் போகட்டும்.

கணக்கு ஒத்துவராமல் மறுக்கிறீர்கள் என்றால், கேட்டவரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். இழுத்தடித்தால் கிளம்பும் அவசரத்தில் சந்தையில் விற்றுவிடுவார்கள், இல்லையென்றால் ஜன்னலைத் திறந்து விட்டுவிடுவார்கள். கூண்டில் பிறந்த காக்டெயில் வெளியே பெரும்பாலும் சில நாள்கூடத் தாங்காது. அதே இனம் ஒன்றே ஒன்று வைத்திருக்கிற, வேறு பறவை இல்லாத வீடு உங்களுக்குத் தெரிந்திருந்தால் அவர்கள் ஃபோன் எண்ணைக் கொடுங்கள். தினம் என்ன சாப்பிடும், எதற்குப் பயப்படும், எந்தப் பெயரைச் சொன்னால் திரும்பிப் பார்க்கும் என்று ஒரு தாளில் எழுதி, கிளியோடு கொடுத்தனுப்பச் சொல்லுங்கள்.